இமை இழந்த மூச்சுக்குழாய்

தமிழ்த்துறை மலர் என்றால் அதில் சங்க இலக்கியமோ, சிற்றிலக்கியமோ, இசுலாமியத் தமிழ்க் காப்பியமோ இடம்பெறுவது மரபு. இதற்கு முன் வெளிவந்த மலர்களில் நாமும் அத்தகைய கட்டுரைகளையே எழுதி வந்துள்ளோம். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகச் சீறாப்புராணத்து உவமைகளை ஒவ்வொன்றாய்த் தொகுத்துக்கொண்டிருந்த நாம், இம்முறை ஒரு நிழற்படத்தைப் பற்றி எழுதத் துணிந்திருக்கிறோம். அப்படத்தில் மனித முகம் இல்லை, வண்ணமும் இல்லை. ஆயினும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நம் வீட்டில் எவரும் வாய்விட்டுப் பேசாத ஒரு செய்தியை அது பேச வைத்துவிட்டது.

சென்ற ஆண்டு நம் கல்லூரியில் அறிவியல் கண்காட்சி நடைபெற்றது. பள்ளிப் பிள்ளைகளும் ஊர்ப் பெரியவர்களும் வருவார்கள். ஆதலால் விளக்க அட்டைகள் யாவும் தமிழில் இருத்தல் வேண்டும் என்று முதல்வர் பணித்தார். நுண்ணுயிரியல் துறைப் பேராசிரியை ஒருவர் படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நம் துறைக்கு வந்தார். "பொருளை நான் சொல்கிறேன் சார், தமிழை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். மனித உயிரணுக்களைப் பாக்டீரியாக்கள் எவ்வாறு சிதைக்கின்றன என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையால் காட்டும் படங்கள் அவை.

ஒரு படத்தில், குடலின் உயிரணுப் பரப்பை மேடுபோல் எழும்பச் செய்து, அம்மேட்டின்மேல் அமர்ந்திருந்தது ஒரு பாக்டீரியா. மற்றொன்றில் சால்மொனெல்லா என்னும் பாக்டீரியாவின் உடலில் பொருந்திய ஊசி போன்ற உறுப்பு தெரிந்தது. அதன் வழியாகத்தான் அது தன் புரதங்களை நம் உயிரணுவுக்குள் செலுத்துகிறதாம். அவ்வூசியின் வடிவத்தை ஆய்வாளர்கள் முதன்முதலில் கண்டு வெளியிட்டது 1998ஆம் ஆண்டில் என்றார் பேராசிரியை. நாம் வியப்புடன் குறித்துக்கொண்டே வந்தோம்.

அடுத்த படத்தை விரித்தார். நாற்று நெருங்கி நிற்கும் வயலை மேலிருந்து பார்ப்பது போன்ற தோற்றம். ஆயிரமாயிரம் மெல்லிய இழைகள் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. அவற்றின் இடையே, நெற்கதிரில் பூச்சி மொய்த்தாற்போல், குறுகிய மணி போன்ற உருவங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அருகில் இருந்த மற்றொரு படத்தில் நாற்று இல்லை. அறுப்பு முடிந்த வயல்போல் வெற்றுத் தரையே கிடந்தது; ஆங்காங்கே சில தாள்கள் மட்டும் எஞ்சியிருந்தன.

"இது என்ன?" என்றோம்.

"மூச்சுக்குழாயின் உட்சுவர் சார். இது கக்குவான் இருமலுக்கு முன், அது பின்" என்றார்.

எழுதிக்கொண்டிருந்த எழுதுகோல் அவ்விடத்திலேயே நின்றுவிட்டது.

1986ஆம் ஆண்டு. நமக்கு அப்போது ஏழு வயது. காவிரிக் கிளையாறு ஒன்றின் கரையில் அமைந்த சிற்றூரில், நன்னியின் வீட்டில் வளர்ந்துவந்தோம். அத்தா மலேசியாவில் ஒரு கடையில் வேலை பார்த்தார். வீட்டில் அம்மா, நன்னி, நாம், பிறந்து மூன்று மாதமே ஆன நம் தம்பி. அவ்வளவுதான் குடும்பம்.

தம்பிக்கு முதலில் வெறும் சளிதான் பிடித்தது. பத்து நாளில் அது இருமலாக மாறியது. இருமத் தொடங்கினால் நிற்காது. முகம் சிவக்கும், பின்பு நீலம் பாயும், இறுதியில் குடித்த பால் முழுவதும் வெளியே வந்துவிடும். கக்குவான் என்றால் இருமலின் முடிவில் மூச்சை இழுக்கும்போது ஒரு கூவல் ஒலி எழும் என்பார்கள். தம்பிக்கு அவ்வொலி எழவில்லை. மிகச் சிறிய குழந்தைகளுக்கு அது எழாமலும் போகலாம். அதற்கு மாறாக மூச்சே சிறிது நேரம் நின்றுவிடும். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து நகரத்து மருத்துவரிடம் ஓடினார். மருந்து கொடுத்தார்கள், வேளை தவறாமல் கொடுக்கச் சொன்னார்கள். ஹஜ்ரத் தண்ணீர் ஓதிக் கொடுத்தார். நன்னி துளசிச் சாறு பிழிந்தார். மருந்து தொடங்கிப் பல நாளாகியும் இருமல் மட்டும் குறையவில்லை.

ஓர் இரவு, பல நாள் தூங்காத அம்மா தன்னை மறந்து கண்ணயர்ந்துவிட்டார். நள்ளிரவில் கொடுக்க வேண்டிய ஒரு வேளை மருந்து தவறியது. வைகறைத் தொழுகைக்கு அழைப்பு ஒலிக்கும் முன்னரே தம்பியின் மூச்சு நின்றது. அன்று லுஹருக்குப் பின், ஒரு முழத் துணியில் பொதிந்த அவனை மாமா தம் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு மையத்தாங்கொல்லைக்கு நடந்ததை நாம் திண்ணையில் நின்று பார்த்தோம்.

அதன்பின் அம்மா அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் ஒரு பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. வீட்டில் யாருக்கு மருந்து கொடுத்தாலும், ஒரு வேளை கொடுத்ததும் ஒரு தீக்குச்சியை எடுத்து மாடத்தில் வைப்பார். மூன்று வேளைக்கு மூன்று குச்சி. நாம் மணமுடித்து, நமக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்குக் காய்ச்சல் வந்த நாள்களிலும் மாடத்தில் குச்சிகள் வரிசையாக இருந்தன. அது ஏன் என்று நம் மனைவி ஒருநாள் கேட்டபோது, நாம் தெரியாது என்றோம். தெரியும்.

பேராசிரியை அந்தப் படத்தின் முன் நம்மை அமர வைத்து நெடுநேரம் விளக்கினார். அவர் சொன்னவற்றையும், பின்னர் நூலகத்தில் நாமே தேடிப் படித்தவற்றையும் இங்குச் சுருக்கித் தருகிறோம்.

பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதனாலேயே நாம் காண்கிறோம் என்பதைப் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெளிவாக நிறுவியவர் அறிஞர் இப்னுல் ஹைஸம். கண்ணாடி வில்லைகளால் ஆன நுண்ணோக்கியும் அந்த ஒளியை நம்பியதே. ஆனால் ஒளிக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது. ஒளியலையின் நீளமே அதற்குத் தடை.

அத்தடையைத் தாண்ட எலக்ட்ரான்கள் உதவின. அவற்றின் அலைநீளம் ஒளியினுடையதைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது. அவற்றைக் காந்தச் சுருள்களால் வில்லைபோல் குவிக்கவும் முடியும். 1931இல் பெர்லினில் எர்னஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் இந்த நெறியில் முதல் கருவியை அமைத்தனர். எர்னஸ்டின் தம்பி ஹெல்முட் ருஸ்கா ஒரு மருத்துவர். அண்ணன் படைத்த கருவியால் நோயின் முகத்தைக் காணலாம் என்று முன்கூட்டியே உணர்ந்து, அதை மருத்துவத்திற்குக் கொண்டுவர உழைத்தவர் அவரே. எர்னஸ்ட் ருஸ்காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1986இல். அண்ணனும் தம்பியுமாகிய அவர்களைப் பற்றிப் படித்தபோது அந்த ஆண்டின் எண் நம் கண்ணில் நெடுநேரம் நின்றது.

இக்கருவியின்முன் உயிருள்ள உயிரணுவை அப்படியே வைக்க இயலாது. உள்ளே காற்று இல்லாத வெற்றிடம். நீர் இருந்தால் ஆவியாகிவிடும். ஆகவே உயிரணுக்கள் எந்த நிலையில் இருந்தனவோ அந்த நிலையிலேயே வேதிப்பொருள்களால் உறையச் செய்கிறார்கள். நீரைச் சிறிது சிறிதாக அகற்றுகிறார்கள். உட்புறத்தைக் காண வேண்டின், பிசினில் பொதிந்து, கண்ணாடி அல்லது வைரக் கத்தியால் நூறு நானோமீட்டருக்கும் மெல்லிய சீவல்களாகச் சீவி, ஈயம், யுரேனியம் ஆகியவற்றின் உப்புகளில் தோய்த்து, எலக்ட்ரான்களை ஊடுருவச் செய்கிறார்கள். மேற்பரப்பைக் காண வேண்டின், உலர்த்தித் தங்கம் போன்ற உலோகத்தை மெல்லிய படலமாகப் பூசி, எலக்ட்ரான் கற்றையால் வரிவரியாகத் தடவிப் படம் எடுக்கிறார்கள். கிடைப்பது கருப்பு வெள்ளைப் படம்தான். புத்தகங்களில் காணும் வண்ணமெல்லாம் பின்னர்த் தீட்டியவை. அண்மைக் காலத்தில் நொடிப்பொழுதில் உறையவைத்து இயல்பு கெடாமல் காணும் முறையும் வளர்ந்துள்ளது. அதற்கு வழிவகுத்த மூவருக்கு 2017இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இனி, அந்த வயலின் கதைக்கு வருவோம். நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள உயிரணுக்களில் பலவற்றின்மேல் ஏறத்தாழ 200 குறுஇழைகள் உண்டு. ஐரோப்பிய அறிவியலில் இவற்றிற்கு வழங்கும் பெயர், இலத்தீன் மொழியில் கண்ணிமை மயிரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. எவ்வளவு பொருத்தமான பெயர்! கண்ணைத் தூசியிலிருந்து இமை காப்பது போல், நுரையீரலை இவை காக்கின்றன. வினாடிக்குப் பத்து முறைக்கு மேலும் ஒருமுகமாக அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. நாம் உறங்கும்போதும் இவை உறங்குவதில்லை. ஒவ்வோர் இழையின் உள்ளும் சுற்றிலும் ஒன்பது இணைக்குழல்களும் நடுவே இரண்டு குழல்களும் ஒழுங்காக அமைந்திருப்பதை நமக்குக் காட்டியதும் எலக்ட்ரான் நுண்ணோக்கியே.

கக்குவானை உண்டாக்கும் பாக்டீரியாவை 1906இல் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் ஜூல் போர்தேயும் ஒக்தாவ் ஜாங்குவும். போர்டெடெல்லா பெர்டுசிஸ் என்பது அதன் பெயர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஆயிரத்திற்கு மேல் வரிசையாக நிற்கும் அளவுக்குச் சிறியது. ஆனால் அது என்ன செய்கிறது என்பது பல்லாண்டுகள் புரியவில்லை. 1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ஹாம்ஸ்டர் எலியின் மூச்சுக்குழாய்த் துண்டுகளில் இப்பாக்டீரியாவை வளர்த்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டனர். அது கண்ட இடத்தில் எல்லாம் ஒட்டவில்லை. குறுஇழை உள்ள உயிரணுக்களைத் தேடிப் பிடித்து, இழைகளின் இடையே குடிகொண்டது. சில நாள்களில் இழைகளின் அசைவு நின்றது. பின்னர் அந்த உயிரணுக்களே வரிசையிலிருந்து பிதுங்கி உதிர்ந்தன. இழையில்லாத அண்டை உயிரணுக்கள் அப்படியே நின்றன. 1991இல் வெளியான மற்றோர் ஆய்வு, மனித மூக்கின் உட்திசுவிலும் இதே அழிவு நிகழ்வதைக் காட்டியது.

இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. இப்பாக்டீரியா பெரும்பாலும் உயிரணுவின் உள்ளே புகுவதில்லை. தான் வளரும்போது தன் சுவரின் ஒரு சிறு துணுக்கை வெளியே விடுகிறது. அத்துணுக்கே நச்சு; 1982இல் கண்டறியப்பட்டது. அந்நச்சு அருகிலுள்ள, சளி சுரக்கும் உயிரணுக்களைத் தூண்ட, அவை நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை அளவுக்கு மீறி உண்டாக்குகின்றன. அதனால் மடிவது பக்கத்தில் இருக்கும் குறுஇழை உயிரணு. பகைவன் வாசலில் நின்று தூண்ட, அண்டை வீட்டார் கையாலேயே அழிவு நேர்கிறது.

இவ்விடத்தில்தான் பேராசிரியை அந்த வாக்கியத்தைச் சொன்னார். "இருமல் முற்றிய பிறகு மருந்து கொடுத்தால் கிருமி செத்துவிடும் சார், மற்றவர்களுக்குப் பரவாது. ஆனால் உதிர்ந்த இழைகளை மருந்து முளைக்க வைக்காது. உடல் புதிதாக வளர்த்துக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். அதுவரை சளியை மேலே தள்ள ஆளில்லை. இருமித்தான் தள்ள வேண்டும். இருமல் நீடிப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இதை மறந்துவிட முடியாது."

அன்று மாலை அந்தப் படத்தின் படி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குச் சென்றோம். அம்மாவுக்கு இப்போது எழுபது வயதை ஒட்டி இருக்கும். மக்ரிபு தொழுது முடித்துப் பாயிலேயே அமர்ந்திருந்தார். அருகில் அமர்ந்து படத்தை மடியில் வைத்தோம். வயல் என்றோம், நாற்று என்றோம், பூச்சி என்றோம். எந்தக் கலைச்சொல்லும் தேவைப்படவில்லை. தஞ்சைச் சீமையில் பிறந்தவருக்கு அறுத்த வயலை விளக்கவா வேண்டும்? மருந்து பூச்சியைக் கொல்லும், நாற்றை முளைக்க வைக்காது என்று சொன்னபோது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த ஒரு வேளை கொடுத்திருந்தாலும்?"

"கொடுத்திருந்தாலும் அந்த இருமல் அன்னைக்கு நின்னிருக்காதும்மா."

அம்மா படத்தின்மேல் விரலை வைத்து, வெறுமையாகக் கிடந்த இடத்தை மெல்லத் தடவினார். நெடுநேரம் பேசவில்லை. நாம் வந்த வேலை முடிந்தது என்று எண்ணினோம். அப்போதுதான் அவர் கேட்டார்:

"ஊசி போட்டிருந்தா?"

தம்பி பிறந்து இரண்டு மாதம் ஆகும்போது, சுகாதாரச் செவிலியர் ஒருவர் குளிர்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நம் தெருவுக்கு வந்திருந்தார். ஊசி போட்டால் காய்ச்சல் வரும், பச்சைப் பிள்ளை தாங்காது என்று நன்னி வாசலிலேயே நின்று திருப்பி அனுப்பிவிட்டார். நன்னி கொடியவர் அல்லர். பிள்ளை மீது உயிரையே வைத்திருந்தவர். அவருக்குத் தெரிந்தது ஊசியால் வரும் காய்ச்சல். அது கண்ணுக்குத் தெரிந்தது. கக்குவான் செய்யும் வேலை எவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தோம். ஆறுதலுக்காகச் சொல்லும் பொய்யை எவர் குற்றம் சொல்வர்? ஆனால் உண்மையின் ஒரு பாதியைக் காட்டி அவர் மனச்சுமையை இறக்கிய நாம், மறுபாதியை மறைத்தால் முதற்பாதியும் பொய்யாகிவிடும். போட்டிருந்தால் பிழைக்கும் வாய்ப்புக் கூடியிருக்கும் என்றோம். அதோடு நிறுத்தவில்லை. அவ்வளவு சிறு குழந்தைக்கு முதல் ஊசி முழுக் காப்பு ஆகாது. வீட்டிலுள்ள பெரிய பிள்ளைகளிடமிருந்தும் இந்நோய் கைக்குழந்தைக்குத் தொற்றுவதுண்டு. ஆகவே அவர்களுக்கும் முன்பே போட்டிருக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்ததை ஒப்பித்துக்கொண்டே போன நாம், நடுவில் நின்றுவிட்டோம். அவ்வீட்டில் இருந்த பெரிய பிள்ளை யார்?

அம்மா நம் கையைப் பற்றிக்கொண்டார்.

"ஒனக்குத்தான் மொதல்ல இருமல் வந்துச்சு தம்பி. பள்ளிக்கூடத்துலேருந்து வந்தப்பவே இருமிக்கிட்டு வந்தே. பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் அவனுக்கு. எனக்கு அப்பவே தெரியும். ஒன் காதுல விழக் கூடாதுன்னு ஒங்க அத்தாகிட்டகூடச் சொல்லல."

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் மாடத்தில் எடுத்து வைத்த தீக்குச்சிகளின் பொருள் அப்போதுதான் நமக்கு முழுமையாக விளங்கியது. தாம் தவறவிட்டதாக எண்ணிய ஒரு வேளை மருந்தின் பழியை அவர் விரும்பியே சுமந்திருக்கிறார். அதை இறக்கி வைத்தால் அது எங்கே போய் இறங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் அது இறங்கிவிடக் கூடாது என்பதற்காகத் தம் தலையிலேயே வைத்துக்கொண்டார். நாம் அழுதோம். அவர் அழவில்லை. "சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்? யாருக்குத்தான் என்ன தெரிஞ்சுச்சு?" என்றார்.

நோயின் காரணத்தை ஆராய்ந்து அறிய வேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வலியுறுத்துவதை நாம் பல்லாண்டுகளாக வகுப்பறையில் நடத்தி வருகிறோம். காரணம் அறிந்தால் மருத்துவனுக்குப் பயன் என்றே இதுவரை விளக்கம் சொல்லி வந்தோம். காரணம் அறியாவிடில் மனிதர்கள் தங்களுக்குள்ளேயே குற்றவாளியைத் தேடுவார்கள் என்பதையும், தேடிக் கண்டுபிடித்தும் விடுவார்கள் என்பதையும் அன்றுதான் கற்றோம். பெரும்பாலும் அகப்படுபவள் தாயாகவே இருக்கிறாள்.

1930களில் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் பெர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்னும் இரு பெண்கள், பகல் வேலை முடிந்த பின் மாலை நேரங்களில் வீடு வீடாகச் சென்று, இருமும் பிள்ளைகளின் சளித்துளிகளைத் தட்டில் ஏந்திச் சேகரித்து, கக்குவானுக்குச் செவ்வையான தடுப்பூசியை உருவாக்கினர். இருவரும் முன்னர்ப் பள்ளி ஆசிரியைகளாக இருந்தவர்கள். இருவருமே சிறுவயதில் இந்நோயால் வாடியவர்கள். அவர்கள் உழைப்பின் வழியில் வந்த ஊசியே 1986இல் குளிர்ப்பெட்டியில் நம் வாசல்வரை வந்து திரும்பிப் போனது.

இன்று நம் நாட்டில் குழந்தைக்கு 6, 10, 14ஆம் வாரங்களில் இத்தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. 2011 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் இது ஐந்து நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசியாக வழங்கப்படுகிறது. பின்னர் ஒன்றரை வயதை ஒட்டி ஒரு முறையும், ஐந்து வயது முடிந்து ஆறு நிறைவதற்குள் ஒரு முறையும் ஊக்க ஊசி உண்டு. முதல் மூன்றைப் போட்டுவிட்டுப் பின்னவற்றை மறந்துவிடுவோர் பலர். பள்ளி செல்லும் பிள்ளைக்குப் போடும் ஊசி, தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் காவலாகும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இருமல் உள்ளவர்கள், அவர்கள் எவ்வளவு பாசமுள்ள பெரியவர்களாயினும், கைக்குழந்தையைத் தூக்கி முத்தமிடுவதைச் சில வாரங்கள் தள்ளிப்போடட்டும்.

கண்காட்சி நாளன்று அம்மாவையும் அழைத்துச் சென்றோம். அந்தப் படத்தைப் பெண்கள் கூடி நிற்கும் இடத்தில் பெரிதாக மாட்டச் சொன்னவர் அவரே. நாம் எழுதியிருந்த விளக்க அட்டையை ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். குறுஇழை, உயிரணு, நச்சு என்றெல்லாம் வந்த இடத்தில், "இதெல்லாம் யாருக்குப் புரியும்? நாத்துன்னு எழுது" என்றார். அப்படியே மாற்றி எழுதினோம். பிற்பகலில் இடுப்பில் பிள்ளையுடன் வந்த ஒரு பெண்ணை நிறுத்தி, படத்தைச் சுட்டிக்காட்டி அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததைத் தொலைவில் நின்று பார்த்தோம்.

மாணவச் செல்வங்களே! அறிவியலைக் கற்பவர்கள் நீங்கள்; தமிழைக் கற்பவர்களும் நீங்கள். அந்தச் செவிலியருக்கு அன்று நன்னியிடம் நின்று பேச நேரமில்லை. நன்னியின் சொற்களில் பேசுவாரும் இல்லை. அந்த இடைவெளியில் ஓர் உயிர் போயிற்று. ஆய்வுக்கூடத்தில் கண்டதை நன்னியின் வாசலில் நின்று, நன்னிக்குப் புரியும் தமிழில் சொல்லும் கடமை நம் துறைக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. ஊர்ப் பெரியவர்களே! ஊசி போட வருபவரை வாசலில் நிறுத்தாமல் உள்ளே அழைத்து அமர வையுங்கள். நம் வீட்டில் நிகழ்ந்தது இன்னொரு வீட்டில் நிகழாதிருக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக.